விளக்க மாறி எது, விளைவு மாறி எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் சொல்லித்தரும்போது என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் கணக்கைப் பற்றியவை அல்ல. சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். சோதனையை விவரிக்கும் ஒரு பத்தியைக் கொடுத்து "இதில் மாறிகள் எவை, என்ன வகை?" என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

மாறி என்றால் சரியாக என்ன?

ஆளுக்கு ஆள், செடிக்குச் செடி மாறக்கூடிய எதுவும் மாறி. சோதனைத் தரவை ஓர் அட்டவணையாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு சோதனை அலகு: ஒரு நோயாளி, ஓர் எலி, ஒரு தொட்டி. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு மாறி. நெடுவரிசைக்குத் தலைப்பாக எழுதுவது மாறியின் பெயர். கீழே கட்டங்களில் விழுபவை அதன் மதிப்புகள். இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் குழப்பங்களில் பல எழவே எழாது.

விளக்க மாறி, சாரா மாறி, காரணி எல்லாம் ஒன்றுதானா?

ஏறக்குறைய ஒன்றுதான். எதில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு இன்னொன்றின் மாற்றத்தை விளக்கப் பார்க்கிறோமோ அது விளக்க மாறி. விளக்கப்படுவது விளைவு மாறி. பாடநூல்களில் இவையே சாரா மாறி, சார்ந்த மாறி. ஆய்வாளர் தானே நிலைகளைத் (அதாவது மாறி எடுக்கும் வெவ்வேறு மதிப்புகளைத்) தீர்மானித்து அலகுகளுக்குக் கொடுக்கும் விளக்க மாறியைக் காரணி என்பார்கள்.

'சாரா' என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எதையுமே சாராதது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பது அவர் வயதையும் வேலையையும் உடல்நிலையையும் சார்ந்ததுதான். ஆனாலும் தூக்கம் நினைவாற்றலைப் பாதிக்கிறதா என்று கேட்டால் தூக்க நேரம் விளக்க மாறி. இரவில் செல்போன் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று கேட்டால் அதே தூக்க நேரம் விளைவு மாறி ஆகிவிடும். எந்த மாறிக்கும் பிறவியிலேயே இந்த முத்திரை கிடையாது. கேட்கும் கேள்விதான் வேடம் கட்டிவிடுகிறது.

ஒரு பத்தி கொடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

மூன்று கேள்விகள் போதும். யாரிடம், எதில் சோதனை நடந்தது? ஆய்வாளர் எதை மாற்றினார்? கடைசியில் எதை அளந்தார்? இந்த வரிசையில் கேளுங்கள். பலரும் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நிஜச் சோதனையில் செய்து பார்ப்போம். 1947-ல் வெளியான ஓர் ஆய்வின் தரவு 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு இலவசமாகவே வருகிறது. 60 கினிப்பன்றிகளுக்கு வைட்டமின் சி கொடுத்தார்கள். அளவு நாளுக்கு 0.5, 1 அல்லது 2 மில்லிகிராம். கொடுத்த வடிவம் இரண்டு: ஆரஞ்சுச் சாறு, அல்லது அஸ்கார்பிக் அமிலம். மூன்று அளவுகள், இரண்டு வடிவங்கள் என்று ஆறு கூட்டுகள். ஒவ்வொன்றிலும் 10 விலங்குகள். பிறகு பல் வளர்ச்சிக்குக் காரணமான செல்களின் நீளத்தை அளந்தார்கள்.

அலகு எது? ஒரு கினிப்பன்றி. மாற்றியது எதை? இரண்டை: அளவு, வடிவம். அளந்தது எதை? செல்லின் நீளத்தை. அட்டவணையின் முதல் வரிசையில் '4.2, அமிலம், 0.5' என்று இருக்கும். சாறு குடித்தவற்றின் முதல் வரிசையில் '15.2, சாறு, 0.5'. மூன்று நெடுவரிசைகள், அதனால் மூன்று மாறிகள். நீளம் விளைவு மாறி, மற்ற இரண்டும் விளக்க மாறிகள்.

"விளக்க மாறி: ஆரஞ்சுச் சாறு" என்று எழுதினேன். ஏன் தவறு?

சாறு ஒரு மதிப்பு. 'கொடுத்த வடிவம்' என்பதே மாறி. விடைத்தாள்களில் நான் மிக அதிகமாகச் சுழிக்கும் தவறு இது. எழுதியபின் இப்படிச் சோதித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதிய பெயரை நெடுவரிசைத் தலைப்பாக வைத்தால், எல்லா அலகுகளுக்கும் கீழே ஏதாவது எழுத முடிகிறதா? 'வடிவம்' என்று தலைப்பிட்டால் 60 கட்டங்களும் நிறையும். 'ஆரஞ்சுச் சாறு' என்று தலைப்பிட்டால் 'ஆம், இல்லை' என்றுதான் நிரப்ப வேண்டிவரும். வடிவம் மூன்றாகிவிட்டால் அந்த ஆம்-இல்லையும் பயன்படாது.

ஆறு குழுக்கள் இருந்தால் ஆறு விளக்க மாறிகளா?

இல்லை. 1747-ல் சாலிஸ்பரி என்ற கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி நோய் (வைட்டமின் சி குறைவால் வருவது) கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்தார். ஒரு சோடிக்கு ஆப்பிள் மது, ஒன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்குக் கடல்நீர், ஒன்றுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், மீதி ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம். மாறி ஒன்றே ஒன்று: கொடுத்த சிகிச்சை. அதற்கு ஆறு நிலைகள். பழம் தின்ற இருவரும் வெகு சீக்கிரம் தேறினார்கள். ஒருவர் ஆறு நாளிலேயே வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார்.

கினிப்பன்றிச் சோதனையிலும் ஆறு குழுக்கள்தாம். ஆனால் அந்த ஆறும் 3 × 2 என்று இரண்டு காரணிகளிலிருந்து வந்தவை. லிண்டின் ஆறை அப்படிப் பிரிக்க முடியாது. குழுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மாறிகளை எண்ணாதீர்கள். குழுக்கள் எதில் வேறுபடுகின்றன என்று பாருங்கள்.

மாறாமல் வைத்திருப்பதை எப்படி மாறி என்கிறார்கள்?

நியாயமான எரிச்சல்தான். லிண்ட் தன் நோயாளிகளை ஒரே இடத்தில் படுக்கவைத்தார், எல்லாருக்கும் ஒரே அடிப்படை உணவைக் கொடுத்தார், முடிந்தவரை ஒரே மாதிரி நோய்நிலையில் இருந்தவர்களாகத் தேர்ந்தெடுத்தார். இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். மாறக்கூடியவை, இந்தச் சோதனையில் மாறவிடவில்லை, அவ்வளவுதான்.

கட்டுப்பாட்டுக் குழுவோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மருந்து கிடைக்காத, அல்லது மருந்துபோலி மாத்திரை கிடைத்த ஆட்கள். அது விளக்க மாறியின் ஒரு நிலை. தனி மாறி அல்ல.

மாறி வகைகளை எப்படிப் பிரிப்பது?

முதலில் ஒன்று: வகை வேறு, வேடம் வேறு. விளக்கமா விளைவா என்பது வேடம். பண்புசார்ந்ததா அளவுசார்ந்ததா என்பது வகை. எந்த வகை மாறியும் எந்த வேடமும் போடலாம். 'விளக்க மாறி எப்போதும் குழுவாக இருக்கும், விளைவு மாறி எப்போதும் எண்ணாக இருக்கும்' என்று எங்கிருந்தோ ஒரு விதி பரவியிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை.

பண்புசார் மாறியின் மதிப்புகள் பெயர்கள்: ரத்த வகை, சிகிச்சை முறை, குணமானாரா இல்லையா. அளவுசார் மாறியின் மதிப்புகள் எண்ணியோ அளந்தோ கிடைப்பவை. எண்ணிக் கிடைத்தால் தனித்த மாறி (இலைகளின் எண்ணிக்கை), அளந்து கிடைத்தால் தொடர் மாறி (செடியின் உயரம்). உயரத்தைச் சென்டிமீட்டருக்கு முழுமையாக்கிக் குறித்தாலும் அது தொடர் மாறிதான். அளவுகோல் சோம்பேறித்தனமாக இருப்பதால் உயரத்தின் இயல்பு மாறிவிடாது.

எண்ணாக எழுதியிருப்பதெல்லாம் அளவுசார் மாறி அல்ல. விளையாட்டு வீரரின் சட்டை எண், நோயாளியின் பதிவு எண், '1 = ஆண், 2 = பெண்' என்ற குறியீடு ஆகியவற்றுக்குச் சராசரி எடுத்துப் பாருங்கள். சராசரிப் பாலினம் 1.4 என்று வரும். அதற்கு அர்த்தம் இல்லை என்றால் மாறி பண்புசார்ந்தது.

பெயரளவை, வரிசை, இடைவெளி, விகிதம் என்ற நான்கு?

1946-ல் உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் முன்வைத்த பிரிவு அது. பெயரளவையில் வேறு வேறு என்று மட்டும் சொல்லலாம். வரிசை அளவையில் முன்பின் சொல்லலாம்: நோயின் முதல் நிலை, இரண்டாம் நிலை. இடைவெளி அளவையில் வித்தியாசத்துக்கு அர்த்தம் உண்டு, ஆனால் பூச்சியம் வசதிக்காக வைத்தது. விகித அளவையில் பூச்சியம் என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் வேறுபாடு பிடிபடவில்லை என்பவர்களுக்கு வெப்பநிலையைக் காட்டுவேன். 10 டிகிரி செல்சியஸ் 20 ஆனால் வெப்பநிலை இரண்டு மடங்காகிவிட்டதா? கெல்வினில் பார்த்தால் 283-லிருந்து 293. சுமார் மூன்றரை சதவீதம்தான் கூடியிருக்கிறது. கெல்வின் விகித அளவை, செல்சியஸ் இடைவெளி அளவை.

நடைமுறையில் பகுப்பாய்வு செய்ய இந்த நான்கில் பெரும்பாலும் முதல் இரண்டுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான கோடுதான் முக்கியம் என்பது என் அனுபவம். தேர்வில் கேட்டால் நான்கையும் எழுதுங்கள்.

வலியை 0 முதல் 10 வரை சொல்லச் சொன்னால் அது எந்த வகை?

வரிசை. 2-லிருந்து 4-க்குப் போவதும் 7-லிருந்து 9-க்குப் போவதும் ஒரே அளவு வலிதான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவ ஆய்வுகளில் அதற்குச் சராசரி எடுப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்ப்பீர்கள். எடுக்கலாமா கூடாதா என்பது பழைய சண்டை. எடுத்தால், இடைவெளிகள் சமம் என்று தாம் வைத்துக்கொண்டதைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

மருந்தின் அளவு 0.5, 1, 2 என்று எண்ணாக இருக்கிறது. ஆனால் மூன்றே குழுக்கள். இது எந்த வகை?

இயல்பால் அளவுசார்ந்தது, விகித அளவை. சோதனையில் மூன்று நிலைகள் கொண்ட காரணியாகவும் அதை நடத்தலாம். எண்ணாக எடுத்தால் 'ஒரு மில்லிகிராம் கூடினால் நீளம் எவ்வளவு கூடும்' என்று கோடு போட்டுக் கேட்கிறீர்கள். காரணியாக எடுத்தால் 'மூன்று குழுக்களும் வேறுபடுகின்றனவா' என்று கேட்கிறீர்கள். முன்னதில் 1.5 மில்லிகிராமுக்கு என்ன ஆகும் என்று ஊகிக்கலாம், பின்னதில் முடியாது. விடையில் 'அளவுசார்ந்தது, இங்கே மூன்று நிலைகளில்' என்று எழுதினால் யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

இரண்டு விளக்க மாறிகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதாதா?

போதாது, கினிப்பன்றிகளே சாட்சி. சாறு குடித்தவற்றின் சராசரி நீளம் 0.5, 1, 2 மில்லிகிராம் அளவுகளில் முறையே 13.23, 22.70, 26.06. அமிலம் பெற்றவற்றில் 7.98, 16.77, 26.14. குறைந்த அளவுகளில் சாறு தெளிவாக முந்துகிறது. 2 மில்லிகிராமில் வித்தியாசமே இல்லை. "சாறு நல்லதா, அமிலம் நல்லதா?" என்று யாராவது கேட்டால் "எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு விளக்க மாறியின் பலன் இன்னொன்றின் நிலையைப் பொறுத்து மாறும் இந்த நிலைமைக்கு இடைவினை என்று பெயர். இடைவினை மூன்றாவது மாறி அல்ல. அதற்கென்று தனியாக எதையும் அளப்பதில்லை.

"குணமானவர்களின் சதவீதம்" விளைவு மாறி ஆகுமா?

அலகு யார் என்று கேளுங்கள். அலகு நோயாளி என்றால் ஒரு நோயாளிக்குச் சதவீதம் கிடையாது. அவர் குணமானார் அல்லது ஆகவில்லை. எனவே விளைவு மாறி 'குணமானாரா', பண்புசார்ந்தது. சதவீதம் என்பது அந்த நெடுவரிசையை நாம் பிறகு சுருக்கியது.

இதே கேள்வி விதைச் சோதனையில் வந்தால் விடை தலைகீழாகும். பத்துத் தட்டுகள், தட்டுக்கு 50 விதைகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தட்டுகள் இருட்டில், ஐந்து வெளிச்சத்தில். வெளிச்சம் விதைக்கு விதை தனியாகக் கொடுக்கப்படவில்லை, தட்டுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆகவே சோதனை அலகு தட்டு. தட்டுக்கு எத்தனை சதவீதம் முளைத்தது என்பது ஒரு நேர்மையான அளவுசார் விளைவு மாறி. உங்களிடம் இருப்பவை 10 அலகுகள், 500 அல்ல. ஒரே தட்டில் இருக்கும் விதைகள் ஒரே ஈரத்தையும் ஒரே பூஞ்சையையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு தட்டு காய்ந்துபோனால் 50 விதையும் சேர்ந்தே போகும். 500 என்று எண்ணிக் கணக்கிட்டால் இல்லாத துல்லியம் இருப்பதுபோலத் தெரியும். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் இந்தத் தவறுக்கு 'சூடோரெப்ளிகேஷன்' (pseudoreplication) என்று பெயர் சூட்டினார். தமிழில் 'போலி மறுசெயல்' எனலாம். அச்சில் வந்த ஆய்வுகளிலும் இது நிறைய இருந்ததை அவர் காட்டினார்.

குழப்பும் மாறி என்றால்?

விளக்க மாறியோடு கூடவே ஒட்டிக்கொண்டு மாறி, விளைவையும் தொடுகிற ஒன்று. படிக்கிற காலத்தில் நான் செய்த முதல் சோதனையே இதனால் வீணாயிற்று. சிவப்பு ஒளியில் செடி நன்றாக வளருமா, நீல ஒளியிலா என்று பார்க்க நினைத்தேன். சிவப்புக்குப் பழைய இழை பல்பின்மேல் வண்ணத்தாள் சுற்றினேன், நீலத்துக்கு எல்.இ.டி. விளக்கு. சிவப்புப் பக்கச் செடிகளின் இலை ஓரங்கள் கருகின. நிறமா காரணம்? இழை பல்பு கக்கிய சூடா? எத்தனை செடி வைத்திருந்தாலும் அந்தத் தரவிலிருந்து பதில் எடுக்க முடியாது. நிறம் மாறிய ஒவ்வோர் இடத்திலும் சூடும் சேர்ந்தே மாறியிருந்தது.

தெரிந்த குழப்பும் மாறியை நிலையாக வைக்கலாம். தெரியாதவற்றை என்ன செய்வது? அதற்குத்தான் சமவாய்ப்புப் பகிர்வு: எந்த அலகுக்கு எந்த நிலை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-ல் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் இதை வற்புறுத்தினார். பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரையா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியைச் சோதிக்கும் உதாரணத்தை 1935-ல் வந்த தன் நூலில் எழுதினார். எட்டுக் கோப்பைகள், நான்கு ஒரு விதம், நான்கு இன்னொரு விதம், கொடுக்கும் வரிசை குலுக்கல்முறையில். வெறும் ஊகத்தில் எட்டையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான். இங்கே அலகு கோப்பை. விளக்க மாறி எது முதலில் ஊற்றப்பட்டது என்பது. விளைவு மாறி அவர் என்ன சொன்னார் என்பது. இரண்டும் பண்புசார்ந்தவை. எண் எங்கேயுமே இல்லாமல் ஒரு முழுச் சோதனை!

வயது, பாலினம் இவற்றை யாருக்கும் 'கொடுக்க' முடியாதே. அவை விளக்க மாறிகளா?

ஆகலாம், காரணி ஆகாது. குலுக்கிப்போட்டு ஒருவருக்கு 60 வயது கொடுக்க முடியாது. முன்கூட்டியே வயதுவாரியாகத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் மருந்தைக் குலுக்கிக் கொடுத்தால் வயது தொகுதி மாறி எனப்படும்.

சோதனையே இல்லை, கணக்கெடுப்பு மட்டும்தான் என்றால் விளக்க மாறி உண்டா?

உண்டு. ஆனால் 'எதை மாற்றினார்' என்ற கேள்வி அங்கே உதவாது, சில நேரம் தவறான பக்கம் இழுத்துவிடும். 1950-ல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்று வந்த 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த அதே எண்ணிக்கை ஆண்களையும் ஒப்பிட்டார்கள். புகைப் பழக்கமே இல்லாதவர்கள் முதல் குழுவில் 2 பேர், இரண்டாவதில் 27 பேர்.

இங்கே முதலில் தீர்மானித்தது நோயை. பிறகு கேட்டறிந்தது பழக்கத்தை. மேலோட்டமாகப் பார்த்தால் நோய்தான் விளக்க மாறி, பழக்கம் விளைவு மாறி என்று எழுதத் தோன்றும். பலர் எழுதுகிறார்கள். ஆனால் ஆய்வின் கேள்வி புகை நோயைத் தருகிறதா என்பது. தரவு திரட்டிய வரிசை பின்னோக்கிப் போனாலும் கேள்வி போகும் திசை மாறவில்லை. புகைப் பழக்கமே விளக்க மாறி.

இத்தகைய ஒரே ஓர் ஆய்வை வைத்து 'காரணம்' என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. குலுக்கல் இல்லாத இடத்தில் குழப்பும் மாறிகள் எப்போதும் வாசலில் நிற்கும். அதனால்தான் இந்த இடத்தில் 'காரண மாறி' என்று சொல்லாமல் 'விளக்க மாறி' என்று அடக்கமாகச் சொல்கிறோம்.

வரைபடத்தில் எது எந்த அச்சில்?

விளக்க மாறி கிடை அச்சில், விளைவு மாறி செங்குத்து அச்சில். பொருளியலார் விலையைச் செங்குத்தில் போடுவார்கள், கடலியலார் ஆழத்தைக் கீழ்நோக்கிப் போடுவார்கள். அது அவர்கள் வழக்கம். அச்சைப் பார்த்து மாறியின் வேடத்தை முடிவு செய்யாதீர்கள்.

கணினியில் குழுக்களை 1, 2, 3 என்று உள்ளிட்டேன். விடை விசித்திரமாக வருகிறது.

மென்பொருள் அதை அளவுசார் மாறி என்று எடுத்துக்கொண்டு கோடு போட்டிருக்கும். மூன்றாம் குழு முதல் குழுவைப்போல மூன்று மடங்கு என்று அதற்கு நினைப்பு. விடை அட்டவணையில் அந்த மாறிக்கு நேராக உள்ள வரையின்மைப் படியை (df என்ற தலைப்பின் கீழ் வரும் எண்) பாருங்கள். மூன்று குழுக்களுக்கு 2 இருக்க வேண்டும். 1 இருந்தால் எண்ணாக எடுத்துவிட்டது என்று அர்த்தம். நெடுவரிசையைக் காரணி வகைக்கு மாற்றுங்கள், அல்லது குறியீட்டை விட்டுவிட்டுக் குழுக்களின் பெயர்களையே எழுத்தில் உள்ளிடுங்கள். குழுக்கள் இரண்டே என்றால் இந்தச் சோதனை உதவாது. எண்ணாக எடுத்தாலும் காரணியாக எடுத்தாலும் அங்கே 1-தான் வரும், பெரும்பாலும் முடிவும் மாறாது.